சூடு ஆறாத சாப்பாடு

குளிர்காலம் தொடங்கிவிட்டால் சாப்பாட்டைப் பற்றி நான் முதலில் யோசிப்பது, அது எவ்வளவு நேரம் சூடு ஆறாமல் இருக்கும் என்பதைத்தான். ருசி, சத்து, செய்வதற்கு ஆகும் வேலை எல்லாம் அதற்கு அடுத்துதான் வரும். அப்படிப் பார்த்தால் எனக்குப் பிடித்தவற்றின் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. பருப்பும் தானியமும் குழைந்து கெட்டியான சூப்புக்கு முதலிடம். அதன் பக்கத்திலேயே கஞ்சி. பிறகு தோலோடு முழுசாகச் சுட்ட உருளைக்கிழங்கு, எலும்போடு மணிக்கணக்கில் கொதித்த குழம்பு. பொரித்த பண்டங்களை நான் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்தில் அவற்றின் மவுசு தீர்ந்துவிடும். அகலமான கிண்ணத்தில் ஊற்றிய தெளிவான சூப்பும் அப்படித்தான். பாதி குடிப்பதற்குள் ஆறிப்போய், மீதியைக் கடமைக்குக் குடித்து முடிக்க வேண்டியிருக்கும்.

சூடாக எதையாவது குடித்தால் உடம்பு சூடாகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் 300 மில்லி சூப் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். அது உடம்பின் 37 டிகிரிக்கு இறங்கும்வரை நமக்குக் கொடுக்கும் வெப்பம் கிட்டத்தட்ட 7 கிலோ கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய உடம்பை ஒரு டிகிரி சூடாக்கவே சுமார் 50 கிலோ கலோரி வேண்டும். அப்படியானால் ஒரு கிண்ணம் சூப் உடம்பின் சூட்டை ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான் உயர்த்த முடியும். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஐந்தாறு நிமிடத்தில் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ளும் வெப்பம் அது.

ஆனாலும் முதல் கரண்டி உள்ளே போனதும் தோள் தளர்வது பொய்யில்லை. கிண்ணத்தைப் பிடித்த விரல்கள், ஆவி படும் முகம், உதடு, நாக்கு, தொண்டை என்று சூட்டைக் கூர்மையாக உணரும் இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதைப் பெறுகின்றன. குளிரில் முதலில் விறைப்பதும் விரல் நுனியும் மூக்கு நுனியும்தான், ஏனென்றால் நடு உடம்பின் சூட்டைக் காப்பாற்றுவதற்காக அங்கே போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. சூப் அந்த இடங்களுக்கு வேண்டியதைக் கொடுக்கிறது. கொடுக்கும் அளவு சின்னது என்பதால், அது எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் கெட்டியான சூப்பின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கெட்டியானது ஏன் ஆறுவதில்லை என்பதைப் பல வருடம் யோசித்த ஒரு மனிதர் உண்டு. பெஞ்சமின் தாம்ப்ஸன் என்ற ரம்ஃபோர்ட் பிரபு. 1753-ல் மாசசூசெட்ஸில் பிறந்து, அமெரிக்கப் புரட்சியின்போது பிரிட்டன் பக்கம் சேர்ந்து, பிறகு பவேரியாவின் அரசுப் பணிக்குப் போய் மியூனிக்கில் வேலை பார்த்தவர். பீரங்கிக் குழலைக் குடையும்போது எழும் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு வகை இயக்கம்தான் என்று 1798-ல் கட்டுரை எழுதினார். இயற்பியல் பாடத்தில் அவர் பெயர் வருவது இதற்காக.

வேகவைத்த ஆப்பிள் மற்ற பண்டங்கள் ஆறிய பிறகும் வாயைச் சுடுவதையும், கெட்டியான அரிசிச் சூப் மேலே ஆறிக் கிடந்தாலும் உள்ளே கொதியாக இருப்பதையும் அவர் சாப்பாட்டு மேசையிலேயே கவனித்தார். நீர்மமான பொருளில் சூடு பரவுவது அந்த நீர்மம் நகர்வதால்தான் என்று புரிந்துகொண்டார். தண்ணீர் போன்ற சூப்பில் மேலே ஆறிய பகுதி கனத்து அடிக்கு இறங்கும். அடியிலுள்ள சூடான பகுதி மேலே வந்து தானும் ஆறும். இந்தச் சுழற்சி நிற்காமல் நடப்பதால் முழுக் கிண்ணமும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. மாவுச்சத்து கரைந்து கெட்டியான சூப்பிலும், நார் நிறைந்த ஆப்பிள் மசியலிலும் அந்த நகர்வு தடைபடுகிறது. மேலே ஏடு கட்டிவிட்டால் ஆவியாகப் போகும் சூடும் குறையும். கஞ்சியை ஓரத்திலிருந்து வழித்து உண்ணும் பழக்கம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்கு வந்ததற்கும் இதுதான் காரணம். கிண்ணத்தை ஒட்டிய வளையம் மட்டும் ஆறியிருக்கும், நடுப்பகுதி தன் முறைக்குக் காத்திருக்கும்.

இதே ரம்ஃபோர்ட் 1790-களில் மியூனிக்கின் ஏழைகளுக்காக ஒரு சூப்பை உருவாக்கினார். அதன் பின்னணி இனிமையானது அல்ல. தெருவில் பிச்சை எடுத்தவர்களைப் பிடித்து, வேலைக்கூடத்தில் வைத்து, ராணுவத்துக்கு உடை தைக்க வைத்தார்கள். அவர்களுக்குக் குறைந்த செலவில் வயிற்றை நிரப்ப வேண்டியிருந்தது. தண்ணீரோடு பார்லியைக் கொதிக்க வைத்து, காய்ந்த பட்டாணியைச் சேர்த்து, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம். பிறகு உருளைக்கிழங்கைப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம். இறக்கும்போது வினிகர், உப்பு. பரிமாறும்போது காய்ந்த ரொட்டித் துண்டுகள். பார்லியோடு வெகுநேரம் கொதிப்பதால் தண்ணீரே சத்தாக மாறிவிடுகிறது என்று அவர் நம்பினார். அது தவறு. மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்புவதை அவர் அப்படிப் புரிந்துகொண்டார். ஆனால் ரொட்டித் துண்டை ஏன் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்ன காரணத்தை நான் மனதார ஏற்கிறேன்: மென்று தின்ன வேண்டியிருந்தால் சாப்பிடும் இன்பம் கூடுதல் நேரம் நீடிக்கும். ஏழைக்குப் போடும் சூப்பில் இன்பத்தின் நீளத்தைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தச் சூப்பைத்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் என் வசதிப்படி மாற்றிச் செய்கிறேன். என் சேர்க்கை வெங்காயமும் பூண்டும் மிளகும். மூன்று பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து, அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து வைத்துவிடுவேன். முதல் பத்து நிமிடம் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், கண்ணாடி போல ஆகும், நிறம் மாறாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அடியில் லேசாகப் பழுப்பு பிடிக்கும். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் அந்தப் பழுப்பு வெங்காயத்தின் மேலேயே ஏறிக்கொள்ளும். மறுபடி பிடிக்கும், மறுபடி சுரண்ட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் பாத்திரம் நிறைய இருந்தது ஒரு கைப்பிடியாகச் சுருங்கி, பசை போலத் திரண்டு நிற்கும். காரமாகக் கண்ணைக் கரித்த கந்தக வாடை போய், இனிப்பும் லேசான கசப்பும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து இப்படிப் பழுப்பாவதை லூயி காமில் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் விவரித்தார். ரொட்டியின் மேலோடு, வறுத்த காபிக்கொட்டை, சுட்ட இறைச்சி எல்லாவற்றின் மணத்துக்கும் பின்னால் இருப்பது அதுதான். வெங்காயத்தை ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாக வதக்கிவிடலாம் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள். பெரிய தீயில் ஓரம் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

பிறகு பார்லி, முதல் நாள் இரவே ஊறவைத்த பட்டாணி, தண்ணீர். ரம்ஃபோர்ட் வினிகரைக் கடைசியில் ஊற்றச் சொன்னது ருசிக்காக இருக்கலாம், ஆனால் அதில் சமையல் அறிவும் இருக்கிறது. புளிப்பு எதுவானாலும், தக்காளியோ எலுமிச்சையோ வினிகரோ, பருப்பு மலர்வதற்கு முன்னால் சேர்த்தால் வேகவே வேகாது. செல் சுவர்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் கரைய மறுக்கிறது. கடினத் தண்ணீரிலும் அதே தொல்லை, அங்கே கால்சியம் பெக்டினை இறுக்கிவிடுகிறது. பட்டாணியை விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகுதான் புளிப்பு. அதுவரை பொறுமை வேண்டும்.

பட்டாணிக்குப் பதில் சிவப்பு ராஜ்மா போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்தால்தான் அது முறியும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நல்லது. மெல்லச் சமைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாக அப்படியே போட்டு மூடிவிட்டால், பீன்ஸ் மெத்தென்று ஆகும், நச்சு போகாது. மெதுவாகச் சமைப்பதை இவ்வளவு கொண்டாடும் நான் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எலும்புக் குழம்புக்கும் நேரம்தான் முதல். நன்றாக உழைத்த தசை, அதாவது கால், கழுத்து, வால் இவைதான் குளிருக்கு ஏற்றவை. விலையும் குறைவு, தசையை இணைத்து வைக்கும் புரதமான கொலாஜனும் அதிகம். விறைத்த அந்தக் கொலாஜன் சூட்டில் மெல்ல மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைய மணிக்கணக்கில் ஆகும். முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கடித்துப் பார்த்தால் ரப்பராக இருக்கும், இதற்கா இவ்வளவு எரிவாயு என்று தோன்றும். மூன்றாவது மணி நேரத்தில் கரண்டி பட்டாலே எலும்பை விட்டுக் கழன்று வரும். குடித்த பின் உதடு ஒட்டிக்கொள்கிறதே, அது ஜெலட்டின். மாவு எதுவும் சேர்க்காமலே குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுப்பதும் அதுதான். தீயைக் கூட்டினால் சீக்கிரம் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். தளதளவென்று கொதித்தால் சதை நாராகி வறளும், கொழுப்பு கலங்கிக் குழம்பு மங்கலாகும். ஓரத்தில் ஒரு குமிழி, கொஞ்சம் விட்டு இன்னொரு குமிழி என்ற அளவில் இருந்தால் போதும்.

காரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாயிலுள்ள காப்சைசின் எந்தச் சூட்டையும் கொண்டுவருவதில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் நுழைவாயில் ஒன்று நம் நரம்புகளில் உண்டு; காப்சைசின் நேராகப் போய் அதையே திறந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் செய்தி ஒன்றேதான்: சுடுகிறது. டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997-ல் அந்த வாயிலை அடையாளம் கண்டது. தொடுகையின் உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து அவருக்கு 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் அதே வாயிலைத்தான் தட்டுகிறது, கொஞ்சம் மென்மையாக. குளிருக்கு எனக்கு மிளகாயைவிட மிளகே உகந்தது. மிளகாய் நாக்கின் முன்பக்கம் பிடித்து வியர்க்க வைத்துவிடும். வியர்வை என்பது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. குளிரில் அது நமக்கு வேண்டாத வேலை. இஞ்சியிலும் இந்தப் பேதம் உண்டு. பச்சை இஞ்சியின் ஜிஞ்சரால் காய்ந்து சுக்கானதும் ஷோகாவாலாக மாறிக் காரம் ஏறுகிறது. சமைத்தால் சிஞ்சரோனாகி இனிப்பு மணத்தோடு தணிகிறது. சூப்பில் போட பச்சை இஞ்சி, வெந்நீரில் கொதிக்க வைத்துக் குடிக்கச் சுக்கு என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான்.

மது குடித்தால் குளிர் போகும் என்ற பேச்சை மட்டும் நான் எங்கே கேட்டாலும் மறுப்பேன். அது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது; தோல் சூடாவது தெரியும், அந்த வழியாக உடம்பின் உள்சூடு வெளியே போவது தெரியாது.

குளிர்காலக் காய்களுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு. உறைபனி படும் மண்ணில் நிற்கும் கேரட், முட்டைக்கோஸ், பார்ஸ்னிப் போன்றவை தங்கள் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் சீக்கிரம் உறையாது என்பதால் செடி தன் செல்களை அப்படிக் காத்துக்கொள்கிறது. நமக்கு அது லாபம். பெரிய துண்டுகளாக வெட்டி, எண்ணெய் புரட்டி, சூடான அடுப்பில் ஓரம் கருக்கும்வரை சுட்டால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். உருளைக்கிழங்கும் குளிரில் சர்க்கரை சேர்க்கும், ஆனால் அது நமக்கு ஆகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கை வறுத்தாலோ சுட்டாலோ சீக்கிரம் கறுத்துவிடும். அப்போது புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடும் அதிகமாக உண்டாகும். இருட்டான, காற்றோட்டமான அலமாரி போதும். தோலில் முள்கரண்டியால் குத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டு, குறுக்கே கீறி, இரண்டு பக்கமும் அழுத்தித் திறந்தால் ஆவி ஒரே மூச்சில் மேலே வரும். அதற்குள் வெண்ணெயும் உப்பும் மிளகும். சூடு ஆறாமல் இருப்பதில் சூப்புக்குப் போட்டியாக நிற்பது இது ஒன்றுதான்.

குளிரில் கொழுப்பின் மேல் ஆசை வருவதை நாம் குற்ற உணர்வோடு பார்க்கிறோம். 1911-ல் அண்டார்க்டிகாவின் இருண்ட குளிர்காலத்தில், தென்துருவத்துக்குப் போக முயன்ற பிரிட்டிஷ்காரர் ராபர்ட் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ் உட்பட மூன்று பேர் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடி கேப் குரோசியருக்கு வண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. போகும் வழியில் தங்கள் மேலேயே ஒரு சோதனை செய்தார்கள்: ஒருவர் பிஸ்கட் அதிகமாக, ஒருவர் பெமிக்கன் என்ற காய்ந்த இறைச்சிக் கொழுப்புக் கட்டி அதிகமாக, ஒருவர் வெண்ணெய் அதிகமாக. பிஸ்கட்டையே நம்பியவர் கொழுப்புக்கு ஏங்கினார். கடைசியில் பகிர்ந்து, சமநிலைக்கு வந்தார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் தென்துருவப் பயணத்தின் உணவு அளவு முடிவானது. அதையும் மீறி அந்தப் பயணிகளுக்கு உணவு போதவில்லை என்பது வரலாறு. பெமிக்கனையும் பிஸ்கட்டையும் பனி உருக்கிய நீரில் கொதிக்க வைத்த கூழ்தான் அவர்களுடைய இரவுச் சாப்பாடு. கெட்டியாக, கொதிக்கக் கொதிக்க. நாம் கம்பளிக்குள் உட்கார்ந்து குடிப்பதற்கு அவ்வளவு கொழுப்பு தேவையில்லைதான், ஆனால் ஒரு கரண்டி வெண்ணெய்க்கு வருத்தப்படவும் தேவையில்லை. சூப்பின் மேல் மிதக்கும் அந்த மெல்லிய படலம் ஆவியைத் தடுத்து, சூட்டை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும்.

இப்படிச் சாப்பிடுவதால் மனசு உண்மையிலேயே தேறுமா? மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2014-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மனதை வருத்தும் படக்காட்சிகளைக் காட்டி, பிறகு சிலருக்கு அவர்கள் ஆறுதல் தரும் என்று சொன்ன உணவையும், சிலருக்கு வேறு உணவையும் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. எல்லோருடைய மனநிலையும் ஒரே அளவில் தேறியது. அந்த முடிவை நான் நம்புகிறேன். ஒரு தட்டில் வைத்து நீட்டப்படும் பண்டத்துக்கு அந்தச் சக்தி இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அங்கே யாரும் முக்கால் மணி நேரம் வெங்காயத்தைக் கிளறவில்லை. குளிரில் என்னைத் தேற்றுவதில் பெரும் பங்கு அடுப்பின் பக்கத்தில் நிற்கும் அந்த நேரத்துக்கு உண்டு. கை வேலையாக இருக்கும், மனசு சும்மா இருக்கும், ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியும். சாப்பாடு தயாராகும்போதே பாதி குளிர் விட்டுப்போயிருக்கும்.

சளிக்குக் கோழி சூப் நல்லது என்ற நம்பிக்கை 12-ம் நூற்றாண்டு மருத்துவர் மைமோனிடிஸ் காலத்திலிருந்தே எழுத்தில் இருக்கிறது. 1978-ல் மயாமி பீச்சில் நடந்த ஆய்வில், சூடான கோழி சூப் மூக்கிலுள்ள சளி நகரும் வேகத்தைக் கூட்டியது, வெந்நீரும் கூட்டியது, குளிர்ந்த நீர் குறைத்தது. சூடானவற்றால் கூடிய வேகம் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. 2000-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரென்னார்ட் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, கோழி சூப் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் நகர்வை மட்டுப்படுத்தியது. அது கண்ணாடிக் குழாய்க்குள் நடந்த சோதனைதான், மனித உடம்பில் அல்ல. சளி பிடித்தால் நான் குடிப்பது இந்த ஆய்வுகளுக்காக அல்ல. அடைத்த மூக்கோடு வேறு எதையும் விழுங்கப் பிடிக்காது, இது இறங்கும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதில் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் 2016-ல் சேர்த்தது. உணவுக்குழாய்தான் அதில் கவலைக்குரியது. நாக்கு சுடும் அளவில் இருந்தால் பொறுத்திருங்கள். கெட்டியான சூப் எங்கேயும் போய்விடாது.

மீந்ததை என்ன செய்வது? குளிர்காலம்தானே என்று பாத்திரத்தோடு அடுப்பிலேயே விட்டுவிடக் கூடாது. சூட்டை விடாமல் பிடித்து வைக்கும் அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆழமில்லாத இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் பார்லி மிச்சத் தண்ணீரையும் குடித்து, கரண்டி குத்தினால் நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, அடி பிடிக்காமல் கிளறி, நன்றாக ஒரு கொதி வந்ததும் மிளகைப் புதிதாகப் பொடித்துப் போட்டு, எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள். முதல் நாள் சூப்பைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.